தனக்குத்தானே பொய் சொல்லாத தேடல்

கி.பி. 385ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நாள். இத்தாலியின் மிலான் நகரத் தெருவில், முப்பது வயதான பேராசிரியர் ஒருவர் நண்பர்களோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். மேற்கு உரோமைப் பேரரசின் அரசவை அப்போது அந்த நகரில்தான் இருந்தது. பேரரசரைப் புகழ்ந்து அவர் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். அதில் பல பொய்கள் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கேட்கப்போகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கைதட்டல் நிச்சயம். அந்தக் கைதட்டல் கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் அவர் மனம் காய்ச்சல் கண்டவனைப்போலத் தவித்துக்கொண்டிருந்தது.

வழியில் ஒரு பிச்சைக்காரர் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டும் கேலி பேசிக்கொண்டும் இருந்தார். கிடைத்த சில காசுகளில் அவருக்கு அன்றைய மகிழ்ச்சி கிடைத்துவிட்டது. பேராசிரியர் நின்று பெருமூச்சு விட்டார். 'இவ்வளவு படித்து, இவ்வளவு பாடுபட்டு நாம் தேடுவதும் ஒரு மகிழ்ச்சியைத்தானே? இந்த மனிதர் நமக்கு முன்னே அதை அடைந்துவிட்டார். அவருடைய போதை இன்றிரவு தெளிந்துவிடும். நம்முடைய புகழ் போதையோடு நாம் தூங்குகிறோம், அதோடுதான் விழிக்கிறோம்' என்ற பொருளில் நண்பர்களிடம் மனம் விட்டுப் பேசினார்.

அந்தப் பேராசிரியரின் பெயர் அகுஸ்தீன். கிறிஸ்தவ உலகம் இன்று புனித அகுஸ்தீனார் என்று போற்றும் மனிதர்தான். ஆனால் அந்தத் தெருவில் நின்றபோது அவர் புனிதரும் இல்லை, திருமுழுக்குப் பெற்ற கிறிஸ்தவரும் இல்லை. பேச்சுத் திறமையை விற்றுப் பிழைத்த, வேலையில் உயர்ந்துகொண்டே போன, உள்ளுக்குள் வெறுமையை உணர்ந்த ஓர் இளைஞர்.

எஸ்.பி.எம். முடிவு, உபகாரச் சம்பளம், பல்கலைக்கழக இடம், முதல் வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நம் இளைஞர்களுக்கு இவர் அந்நியர் அல்லர். கிறிஸ்துவை உண்மையான உள்ளத்தோடு அறிய விரும்புவது என்றால் என்ன என்று கேட்கும் கிறிஸ்தவ இளைஞர்களுக்கு இவர் வாழ்க்கை ஒரு பாடப்புத்தகம். தேடல் உள்ள எவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு.

*பிரம்படியும் உச்சரிப்பும்*

அகுஸ்தீன் 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் என்று அழைக்கப்படுகிறது. தந்தை பத்ரீசியுஸ், சிறிதளவு நிலம் வைத்திருந்தவர், கிறிஸ்தவர் அல்லர். தாய் மோனிக்கா அம்மையார் ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர். பிறந்ததுமே குழந்தைக்குச் சிலுவை அடையாளம் இட்டு, சபையின் வெளிவாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. வாலிப வயதில் எப்படியும் தவறு செய்வான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது அந்தக் காலத்தில் பலருக்கும் வழக்கம். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்ற அந்தச் சொல், பின்னாளில் அவருக்கே பெரிய எதிரியாகப் போகிறது.

பள்ளியில் ஆசிரியரின் பிரம்படிக்குப் பயந்து, 'இன்று அடி விழக்கூடாது' என்று கடவுளிடம் வேண்டிக்கொண்ட சிறுவன் அவர். கிரேக்கப் பாடம் பிடிக்கவில்லை. லத்தீன் இலக்கியம் மிகவும் பிடித்தது. கதையில் வரும் அரசி தீதோ இறந்ததற்காக அழுதார். தன் சொந்த வாழ்க்கை எங்கே போகிறது என்று நினைத்து அழத் தோன்றவில்லை என்று பிற்காலத்தில் தன்னையே கடிந்துகொண்டார்.

அந்தப் பள்ளி முறையைப் பற்றி அவர் சொன்ன ஒரு குறை இன்றும் சுடும். 'மனிதன்' என்பதற்கான லத்தீன் சொல்லின் முதல் ஒலியைச் சரியாக உச்சரிக்காவிட்டால் அது பெருங்குற்றம். ஆனால் ஒரு மனிதனையே வெறுத்தால் யாரும் கண்டிப்பதில்லை. நம் பேச்சுப் போட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ழகரம் பிசகினால் மதிப்பெண் குறையும். எதிரணியில் இருக்கும் நண்பனை மனத்துக்குள் வெறுத்தால் எந்த நீதிபதியும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

பதினாறாம் வயதில் ஓராண்டு அவருடைய படிப்பு நின்றது. மேற்படிப்புக்குக் கார்த்தேஜ் நகருக்கு அனுப்பத் தந்தையிடம் பணம் போதவில்லை. சும்மா இருந்த அந்த ஆண்டில் நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். பசி இல்லை. பழமும் அவ்வளவு நன்றாக இல்லை. பெரும்பகுதியைப் பன்றிகளுக்குத்தான் வீசினார்கள். தவறு செய்வதே சுவையாக இருந்தது. கூட்டமாகச் சேர்ந்து செய்ததால் இன்னும் சுவையாக இருந்தது. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பதை அவர் மறைக்கவில்லை. நண்பர்கள் வட்டத்தில் நாம் செய்யும் எத்தனையோ காரியங்களுக்கு இது பொருந்தும்.

*நடை பிடிக்கவில்லை என்ற சாக்கு*

ஊர்ச் செல்வந்தர் ரோமானியானுஸின் உதவி கிடைத்தது. இன்றைய மொழியில் சொன்னால் உபகாரச் சம்பளம். கார்த்தேஜில் சொற்பொழிவுக் கலை படித்த அகுஸ்தீன் வகுப்பில் முதல் மாணவராக விளங்கினார். அந்த நாட்களிலேயே ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. 'கடவுள் தந்தவன்' என்று பொருள்படும் அதேயோதாத்துஸ் என்பது அவன் பெயர்.

பத்தொன்பதாம் வயதில், பாடத்திட்டத்தில் இருந்த ஒரு நூல் அவரைப் புரட்டிப்போட்டது. உரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிய 'ஹோர்தென்சியுஸ்' அது. இன்று அதன் சில துண்டுகளே எஞ்சியிருக்கின்றன. மெய்யறிவைத் தேடுவதைவிட உயர்ந்த வாழ்வு இல்லை என்று அந்நூல் வலியுறுத்தியது. மொழிநடைக்காக எடுத்த நூல் உள்ளத்தையே பற்றவைத்துவிட்டது. ஆனால் அதில் ஒரு குறை அவருக்குப் பட்டது. தாய்ப்பாலோடு பருகிய கிறிஸ்துவின் பெயர் அதில் இல்லை.

ஆகவே விவிலியத்தைத் திறந்தார். சில பக்கங்களிலேயே ஏமாற்றம். அன்று கையில் கிடைத்த லத்தீன் மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தது. சிசரோவின் மிடுக்கு எங்கே, இந்த எளிய நடை எங்கே என்று மூடிவைத்துவிட்டார். நடை சரியில்லை என்பது உண்மையான காரணம் அல்ல என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார். அந்த வாசல் தாழ்வானது. குனிந்தால்தான் நுழைய முடியும். அவருக்குக் குனிய மனம் இல்லை.

*பொறுப்பைத் தட்டிக்கழித்த ஒன்பது ஆண்டுகள்*

அடுத்து அவர் போய்ச் சேர்ந்தது மானி என்பவரின் வழியைப் பின்பற்றிய குழுவில். பாரசீகத்தில் மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய மதம் அது. ஒளி, இருள் என்ற இரண்டு சக்திகளுக்கிடையே நடக்கும் போரே இந்த உலகம் என்று அது போதித்தது. கிறிஸ்துவின் பெயரும் அவர்கள் வாயில் அடிக்கடி வந்தது. எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் அறிவால் விளக்குவோம் என்று அவர்கள் வாக்களித்தது இளைஞரைக் கவர்ந்தது.

இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. நான் தவறு செய்தால் அதைச் செய்தது நான் அல்ல, எனக்குள் இருக்கும் இருள் சக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். குற்றவுணர்வுக்கு இது நல்ல மருந்து. ஒன்பது ஆண்டுகள் அந்த மருந்தைச் சாப்பிட்டார்.

இடையில் ஒரு நண்பரின் மரணம் அவரை உலுக்கியது. சிறுவயது முதல் கூடவே வளர்ந்த அந்த நண்பருக்குக் கடும் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. பிழைக்க மாட்டார் என்று எண்ணி வீட்டார் திருமுழுக்குக் கொடுத்தார்கள். நண்பருக்கு நினைவு திரும்பியதும், அந்தச் சடங்கைப் பற்றி அகுஸ்தீன் கேலியாகப் பேசினார். நண்பரும் சேர்ந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவரோ, நண்பனாக இருக்க வேண்டுமானால் இப்படிப் பேசாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சில நாட்களில் மீண்டும் காய்ச்சல் வந்து இறந்தார். ஊர் முழுவதும் அகுஸ்தீனுக்கு இருண்டது. தனக்குத் தானே ஒரு பெரும் கேள்வியாகிப்போனதாக அந்த நாட்களைப் பற்றி எழுதினார்.

மானி குழுவின் விண்ணியல் விளக்கங்கள், அறிஞர்களின் கணக்குகளோடு ஒத்துப்போகவில்லை. கேள்வி கேட்டபோதெல்லாம், 'எங்கள் தலைவர் ஃபாவுஸ்துஸ் வரட்டும்' என்று சமாதானம் சொன்னார்கள். அவர் வந்தபோது அகுஸ்தீனுக்கு இருபத்தொன்பது வயது. ஃபாவுஸ்துஸ் இனிமையாகப் பேசினார், பழகினார். கேள்விகளை முன்வைத்ததும், தமக்கு இவை தெரியாது என்று வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். அகுஸ்தீனின் நம்பிக்கை அன்றே தளர்ந்தது. ஆனால் ஃபாவுஸ்துஸ் மீது மதிப்பு கூடியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அடக்கம், தான் தேடி வந்த பதிலைவிட அழகானது என்று அவர் எழுதினார். உண்மையான உள்ளம் என்பதன் முதல் பாடத்தை, தான் விட்டு விலகிய குழுவின் தலைவரிடமிருந்தே கற்றுக்கொண்டார்.

*தாயிடம் சொன்ன பொய்*

கார்த்தேஜ் மாணவர்கள் முரடர்கள். மற்ற ஆசிரியரின் வகுப்புக்குள் புகுந்து கலாட்டா செய்வார்கள். உரோமை மாணவர்கள் அடக்கமானவர்கள் என்று கேள்விப்பட்டு, 383இல் அகுஸ்தீன் கப்பலேற முடிவு செய்தார். தாய் கடற்கரை வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நண்பர் ஒருவரை வழியனுப்பத்தான் வந்தேன் என்று பொய் சொல்லி, அருகில் இருந்த புனித சிப்ரியானுஸ் நினைவு ஆலயத்தில் அன்றிரவு தங்கும்படி தாயைச் சம்மதிக்க வைத்தார். விடிந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. இரவெல்லாம் மகன் போகக்கூடாது என்று வேண்டிய தாய், வெறுங்கடலைப் பார்த்துக் கதறினார்.

உரோமை மாணவர்கள் அடக்கமானவர்கள்தான். ஆனால் கட்டணம் கட்டும் நாள் வந்ததும் கூட்டமாக வேறு ஆசிரியரிடம் ஓடிவிடுவார்கள்! நல்ல வேளையாக மிலானில் அரசுப் பதவி ஒன்று கிடைத்தது. 384இல் அங்குச் சென்றார். தாயும் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார்.

மிலானின் ஆயர் அம்புரோஸ், பேச்சில் வல்லவர். அவருடைய பிரசங்கத்தைக் கேட்க அகுஸ்தீன் போனது பேச்சுத் திறனை எடைபோடத்தான். ஆனால் சொல்லை ரசிக்கத் திறந்த கதவு வழியே பொருளும் உள்ளே வந்துவிட்டது. தான் ஏளனம் செய்த விவிலியப் பகுதிகளுக்கு ஆழமான பொருள் உண்டு என்று அவர் முதன்முதலாக உணர்ந்தார். தனியாகச் சந்தித்துக் கேட்கலாம் என்று போனால், அம்புரோஸ் வாய் அசையாமல் மௌனமாக வாசித்துக்கொண்டிருப்பார். சத்தமாக வாசிப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்த காலம் அது. தொந்தரவு செய்ய மனமின்றி, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

*அறிவு தெளிந்தது, மனம் மசியவில்லை*

அந்த நாட்களில் பிளேட்டோவின் வழிவந்த மெய்யியல் நூல்கள் கைக்கு வந்தன. கடவுள் ஓர் உருவப் பொருள் அல்ல என்பதும், தீமை தனி சக்தி அல்ல, நன்மையின் குறைபாடு என்பதும் விளங்கின. பழைய தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆனாலும் அந்த நூல்களில் அவர் காணாத ஒன்று இருந்தது. கடவுளின் வார்த்தை மனிதராகி, தன்னைத் தாழ்த்திக்கொண்டார் என்ற செய்தி அங்கே இல்லை.

அப்போது அவர் கிறிஸ்துவை, ஒப்பில்லாத ஞானமுள்ள ஒரு மனிதராக மட்டுமே எண்ணியிருந்தார். மதித்தார், வியந்தார், ஆனால் அறியவில்லை. தாழ்மையான ஒருவரைப் பற்றிக்கொள்ளத் தன்னிடம் தாழ்மை இல்லை என்பதே காரணம் என்று பின்னர் சொன்னார். ஒரு நாட்டைத் தூரத்து மலை உச்சியிலிருந்து பார்ப்பது வேறு, அங்கே போகும் பாதையில் கால் வைத்து நடப்பது வேறு. அவர் மலை உச்சியில் நின்றுகொண்டிருந்தார்.

ஏன் இறங்கி நடக்கவில்லை? இனி அறிவைக் குறை சொல்ல முடியாது. வாழ்க்கையில் எதையும் விடவும் மனமில்லை என்பதுதான் உண்மை. கற்புள்ள வாழ்வைத் தரும்படி இளவயதிலேயே வேண்டியவர், அதை உடனே தந்துவிடாதே என்றும் சேர்த்து வேண்டியவர். சிரிப்பு வரும். ஆனால் நம்மில் யார் அப்படி வேண்டவில்லை?

இந்தக் காலத்தில் நடந்த ஒன்றை மூடி மறைக்க முடியாது. பெரிய இடத்துத் திருமணம் ஏற்பாடானது. அதற்குத் தடையாக இருக்கிறார் என்று, பல ஆண்டுகள் கூட வாழ்ந்து மகனைப் பெற்ற பெண்ணை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி வேறொருவரை நாட மாட்டேன் என்று உறுதி செய்துவிட்டு, மகனை விட்டுவிட்டு அவர் போனார். அகுஸ்தீனின் நெஞ்சு கிழிந்து இரத்தம் வடிந்தது என்று அவரே எழுதினார். ஆனால் மணப்பெண்ணுக்கு இன்னும் வயது வரவில்லை என்பதால் காத்திருக்க முடியாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அனுப்பப்பட்ட பெண்ணின் பெயர்கூட அவர் நூலில் இல்லை. அந்தப் பெண்ணின் உறுதிக்கு முன்னால் தான் எவ்வளவு சிறியவர் என்பதை மட்டும் மறைக்காமல் பதிவு செய்தார்.

*அத்திமரத்தடியில்*

386இன் கோடைக்காலம். சிம்பிளிசியானுஸ் என்ற முதிய குரு ஒரு கதை சொன்னார். உரோமையின் புகழ்பெற்ற அறிஞர் மாரியுஸ் விக்தோரினுஸ், தாம் மனத்தளவில் கிறிஸ்தவர்தான் என்று சொல்லிக்கொண்டு, நண்பர்கள் ஏளனம் செய்வார்களே என்று ஆலயத்துக்கு வராமலே இருந்தாராம். ஒரு நாள் அந்தப் பயமே அவருக்கு வெட்கமாகிவிட்டது. தனியாக உறுதிமொழி எடுக்கலாம் என்று கொடுத்த சலுகையையும் மறுத்து, எல்லார் முன்னும் மேடையேறி நம்பிக்கையை அறிக்கையிட்டார். கேட்ட அகுஸ்தீனுக்கு அதேபோல் செய்ய ஆசை எழுந்தது. கால்தான் எழவில்லை.

பிறகு பொன்டிசியானுஸ் என்ற ஊர்க்காரர் வீட்டுக்கு வந்தார். எகிப்தின் துறவி அந்தோனியார் வரலாற்றை வாசித்துவிட்டு, இரண்டு அரசு அதிகாரிகள் அந்த இடத்திலேயே பதவியைத் துறந்த கதையைச் சொன்னார். அவர் பேசப் பேச, தன்னைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்ததை யாரோ பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே நிறுத்தியதுபோல் அகுஸ்தீனுக்கு இருந்தது. இதுநாள் வரை உண்மை இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்தார். இப்போது தெரிந்துவிட்டது. இனிச் சொல்லச் சாக்கு இல்லை.

நண்பர் அலீப்பியுஸோடு தோட்டத்துக்குப் போனார். கையை அசை என்று மனம் சொன்னால் கை உடனே அசைகிறது. மனமே, மனம் மாறு என்று சொன்னால் மட்டும் ஏன் மாறவில்லை என்று திகைத்தார். பாதி மனத்தோடு விரும்புவதால்தான் என்பது புரிந்தது. நண்பரை விட்டு விலகி, ஓர் அத்திமரத்தடியில் விழுந்து அழுதார். எவ்வளவு காலம் நாளை, நாளை என்று சொல்வேன் என்பதே அந்த அழுகையின் பொருள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது. எடுத்துப் படிக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப ராகமாகப் பாடியது. பிள்ளைகள் விளையாட்டில் இப்படி ஒரு பாட்டு உண்டா என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. எழுந்து போய், பவுல் கடிதங்கள் அடங்கிய நூலைத் திறந்து, கண்ணில் பட்ட முதல் பகுதியை மௌனமாக வாசித்தார். உரோமையருக்கு எழுதிய கடிதம், 13ஆம் அதிகாரம். குடிவெறியையும் காமத்தையும் சண்டையையும் களைந்துவிட்டு, ஆடையைப்போலக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் பகுதி. அதற்கு மேல் அவர் வாசிக்கவில்லை. தேவைப்படவில்லை.

கவனியுங்கள். அந்த வரியில் புதிய தத்துவம் எதுவும் இல்லை. சிறுவயது முதல் கேட்டறிந்த செய்திதான். மாறியது வாசித்தவரின் உள்ளம். பதினெட்டு வயதைக் கடந்த காலம் முதல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றுதான் பதிலுக்குக் கீழ்ப்படியத் தயாராக இருந்துகொண்டு கேட்டார்.

*அறிந்த பிறகு*

ஆரவாரமாக வேலையைத் தூக்கியெறியவில்லை. விடுமுறைக்கு ஏறக்குறைய இருபது நாட்கள் இருந்தன. பொறுத்திருந்து முடித்துவிட்டு, நெஞ்சுக் கோளாறும் இருந்ததால் அமைதியாக விலகினார். 387ஆம் ஆண்டு ஈஸ்டர் இரவில் அம்புரோஸின் கையால் அகுஸ்தீன், அலீப்பியுஸ், மகன் அதேயோதாத்துஸ் மூவரும் திருமுழுக்குப் பெற்றார்கள். அதே ஆண்டில், ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுக நகரில் மோனிக்கா அம்மையார் காலமானார். மகனுக்காக அவர் அழுத கண்ணீருக்குப் பதில் கிடைத்திருந்தது.

ஊர் திரும்பிய அகுஸ்தீன் 389 வாக்கில் எழுதிய ஒரு சிறு நூல் ஆசிரியர்களும் மாணவர்களும் அறிய வேண்டியது. 'ஆசிரியர்' என்பதே அதன் தலைப்பு. தந்தையும் மகனும் உரையாடும் நூல். சொற்கள் மட்டும் எதையும் கற்பித்துவிடுவதில்லை, ஆசிரியர் சுட்டிக்காட்டத்தான் முடியும், அது உண்மையா என்று மாணவன் தனக்குள் பார்க்க வேண்டும், அங்கே கற்பிக்கும் உள் ஆசிரியர் கிறிஸ்துவே என்பது அதன் சாரம். அதில் மகன் பேசும் கருத்துகள் எல்லாம் பதினாறு வயதில் அவனே சொன்னவை என்று தந்தை சாட்சி சொன்னார். அந்த அறிவான பிள்ளை சில காலத்திலேயே இறந்துபோனான்.

391இல் ஹிப்போ நகரில் குருவாகவும், சில ஆண்டுகளில் ஆயராகவும் ஆனார். அதன் பிறகுதான் தன் கதையைப் பதின்மூன்று பகுதிகளாக எழுதினார். அந்நூலின் லத்தீன் தலைப்புக்குப் பாவத்தை ஒப்புக்கொள்ளுதல் என்றும் பொருள், இறைவனைப் புகழ்தல் என்றும் பொருள். நம் பழைய கத்தோலிக்கத் தமிழில் 'பாவசங்கீர்த்தனம்' என்ற சொல்லைப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். சங்கீர்த்தனம் என்றாலும் புகழ்ந்து பாடுவதுதான். தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்வதே இறைவனுக்குப் புகழ் என்ற எண்ணம் இரண்டு சொற்களிலும் ஒளிந்திருக்கிறது.

ஊர் மதிக்கும் ஓர் ஆயர், பேரிக்காய் திருடியதையும் தாயிடம் பொய் சொன்னதையும் தன் கையாலேயே எழுதினார். அதோடு நிற்கவில்லை. பாராட்டு கேட்டால் இன்னும் மனம் குளிர்கிறது, அதிலிருந்து விடுபட்டேனா என்று தெரியவில்லை என்று ஆயரான பின்னும் இருந்த சோதனைகளை ஒப்புக்கொண்டார். முதுமையில், 426, 427ஆம் ஆண்டுகளில், தாம் எழுதிய 93 நூல்களை மறுபடி வாசித்து, எங்கெங்கே தவறினேன் என்று திருத்தம் எழுதினார்.

அவர் தவறாதவர் அல்லர். பிரிந்துபோன டொனாட்டியக் கிறிஸ்தவர்களைத் திரும்பக் கொண்டுவர அரசின் கட்டாயத்தை அவர் பிற்காலத்தில் ஆதரித்தார். பேச்சாலும் அதிகாரத்தாலும் மனத்தைத் திறக்க முடியாது என்று தன் வாழ்விலேயே கண்டவர் இதை ஆதரித்தது வருத்தத்துக்குரியது. உண்மையான உள்ளம் என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் சான்றிதழ் அல்ல என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

430ஆம் ஆண்டு ஆகஸ்டு 28. ஹிப்போ நகரை வாண்டல் படை முற்றுகையிட்டிருந்தது. மரணப் படுக்கையில் இருந்த 75 வயது முதியவர், மனம் வருந்தும் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்தார். கடைசி நாட்களில் பார்வையாளர்களைத் தவிர்த்து, படுத்தபடியே அவற்றை வாசித்துக் கண்ணீர் வடித்தார் என்று அவருடைய நண்பர் பொசீடியுஸ் பதிவு செய்தார். ஒரு காலத்தில் நடை சரியில்லை என்று மூடிவைத்த அதே நூலின் வரிகள்தான் அவை.

*நமக்கு*

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பல இளைஞர்களுக்கு ஞாயிறு பள்ளி, மனப்பாட வசனப் போட்டி, கிறிஸ்துமஸ் கேரல் எல்லாம் பழக்கம். கிறிஸ்துவைப் பற்றி நிறையத் தெரியும். அவரை அறிய விருப்பம் உண்டா என்று கேட்டால் தயக்கம் வரும். தயங்குவது பாவமில்லை. சந்தேகம் இருப்பதும் பாவமில்லை. அகுஸ்தீனின் சந்தேகங்கள் நேர்மையாக இருந்தபோது அவரை முன்னே நகர்த்தின. சாக்காக மாறியபோதுதான் ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டன.

ஆகவே நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: எனக்கு இன்னும் புரியவில்லை என்று நான் சொல்வது உண்மையிலேயே புரியாததாலா? புரிந்தால் எதையாவது விட வேண்டியிருக்கும் என்பதாலா? இந்தக் கேள்விக்குப் பதில் எழுத தேர்வு மண்டபம் வேண்டாம். மதிப்பெண் கொடுப்பவரும் வேறு யாரும் இல்லை. இன்றிரவு கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, நமக்கு நாமே பொய் சொல்லாமல் பதில் சொன்னால் போதும்.

மிலான் தெருவில் அந்தப் பிச்சைக்காரரைப் பார்த்து நின்ற அன்று அகுஸ்தீன் செய்ததும் அவ்வளவுதான். தன்னைப் பற்றி ஓர் உண்மையைச் சத்தமாகச் சொன்னார். தோட்டத்துக்குப் போகும் பாதை அந்தத் தெருவிலேயே தொடங்கிவிட்டது.